சுண்டைக்காய் அளவு லேகியம்

அந்த மருந்துக்கு லேகியம் என்று பெயர் வைத்தது என் மனைவி. அதன் உண்மையான பெயர் எனக்கு வாயில் வரவில்லை என்பதற்காக வைத்தாள்.

கஞ்சா என்ற சொல்லை நான் அதுவரை உரக்கச் சொன்னதாக நினைவில்லை. ஊரில் அது செய்தித்தாளில் வரும் சொல். பேருந்து நிலையத்தில் இருவர் கைது, பை பறிமுதல் என்று வரும். அமெரிக்கா வந்து இத்தனை வருடம் ஆன பிறகும், மில்பிடாஸில் எங்கள் அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தில் அந்த வாசனை அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அப்படிப்பட்ட என்னை அதைத் தேடிக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போக வைத்தது அவளுடைய வலி.

மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. நுரையீரலிலும் புள்ளிகள் இருந்தன. கொடுத்த மாத்திரைகள் வலியைக் குறைத்தன, கூடவே ஆளையும் எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டன. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் கண் செருகும். சோறு இறங்கவில்லை. வலிக்கான டாக்டரம்மா ஒரு நாள், இந்த மாநிலத்தில் சட்டப்படியே கிடைக்கிறது, நான் மருந்துச் சீட்டு எழுத முடியாது, கொஞ்சமாக முயன்று பாருங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "மாமா, எனக்கு வலி மட்டும் போகணும். நான் போயிடக் கூடாது. பாப்பாகிட்ட ஒரு தடவ ஒழுங்கா உக்காந்து பேசணும். அதுக்குள்ள என் மண்டை என்கிட்ட இருக்கணும்."

பாப்பா எங்கள் ஒரே மகள். டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் பிளானோவில் வேலை பார்க்கிறாள். நோய் வந்ததை அவளுக்கு நாங்கள் பல மாதங்கள் சொல்லவில்லை. படிப்பு முடியட்டும், வேலை நிலைக்கட்டும் என்று அம்மாக்காரி தள்ளிக்கொண்டே போனாள். தெரிந்தபோது மகள் அழவில்லை, கோபப்பட்டாள். "யூ ட்ரீட்டட் மீ லைக் எ கெஸ்ட்" என்றாள். விருந்தாளி மாதிரி நடத்திவிட்டீர்களாம். அதன் பிறகு வந்தாள், போனாள், மருந்தைப் பற்றியும் ஸ்கேனைப் பற்றியும் மட்டும் கேட்டாள். அம்மாவும் மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் போக என் மனைவிக்கு மனமில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனைவி எனக்கு மாமா மகள். அவள் இன்ஜினியரிங் படித்தாள், நான் பிளஸ் டூவோடு அப்பாவின் மிட்டாய்க் கடையில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்தவன் நான். அவளுக்கு சிப் சோதிக்கும் கம்பெனியில் வேலை. எனக்கு ஓர் இந்திய உணவகத்தின் சமையலறையில் இனிப்பு போடும் வேலை. அவள் எப்போதோ சிட்டிசன் ஆகிவிட்டாள். நான் இன்னும் கிரீன் கார்டுதான். இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்று தள்ளித் தள்ளிப் போட்டவன். மாநிலச் சட்டம் வேறு, நாட்டுச் சட்டம் வேறு, கிரீன் கார்டுக்காரன் அந்தச் சாமானைத் தொட்டால் சிக்கல் என்று கோவில் சாப்பாட்டுப் பந்தியில் யாரோ பேசியது என் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் அவளால் நடக்க முடியாது. நான்தான் போனேன்.

கடை சான் ஹோசேயில், டயர் கடைகளுக்கு நடுவில் இருந்தது. வாசலில் காவலாளி லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். அதைத் திரும்ப வாங்க மறந்து நான் நின்றதைப் பார்த்து, "யூ'ர் ஃபைன், சார்" என்றார். உள்ளே நகைக்கடை மாதிரி கண்ணாடி மேஜைகள். மேஜைக்குப் பின்னால் வெள்ளைத் தாடி வைத்த ஒரு வயதான மனிதர். என்ன வேண்டும் என்று கேட்டார். "வைஃப். பெயின்" என்று இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் முகம் மாறியது. மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வாக்ஸ், ஷேட்டர், பட்டர், க்ரம்பிள், லைவ் ரெசின், ராசின், டிஸ்டிலேட். எல்லாம் சுண்டு விரல் அளவு டப்பாக்களில், தங்க நிறத்தில், தேன் நிறத்தில், பழுப்பில். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் எனக்குப் புரிந்த ஒரே பெயரைக் கை காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இது என்ன மாமா?"

"பட்டர். பிரெட்ல தடவிக் குடுத்துடலாம்னு வாங்கினேன். மருந்து கலந்த வெண்ணெய்."

அவளுக்குச் சிரித்தால் விலா எலும்பு வலிக்கும். கையால் விலாவை அமுக்கிக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, இது வெண்ணெய் இல்ல. பாக்க வெண்ணெய் மாதிரி இருக்குறதால பட்டர். இத சூடு பண்ணிப் புகையா இழுக்கணும். என்னைய ஹூக்கா புடிக்க வெக்கப் பாத்தீங்களே!"

பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, போனில் படித்துப் படித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். செடியில் வேலை செய்வது இலை இல்லை. பூவின் மேல் பனி படிந்த மாதிரி சின்னச் சின்னப் பிசின் மணிகள் இருக்குமாம், அதுதான் சாரம். அதை மட்டும் பிரித்துச் சேர்த்தால் கான்சன்ட்ரேட். காய்ந்த பூவை உதிர்த்துச் சலித்தால் விழும் பொடி கீஃப். ஐஸ் தண்ணீரில் அலசி வடிகட்டினால் ஹாஷ் என்கிற கட்டிப் பிசினில் ஒரு வகை. சூடான இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் கசிவது ராசின். லைட்டரில் அடைக்கிற மாதிரியான கேஸில் சாரத்தை இறக்கி, பிறகு கேஸை ஆவியாகப் போக்கிவிட்டு எடுப்பது ரெசின். செடியைக் காயவிடாமல் வெட்டின கையோடு உறையவைத்து அப்படி எடுத்தால் லைவ் ரெசின், அதில் வாசனை கூடுதல்.

"ராசினும் ரெசினும் ஒண்ணு இல்லையா?"

"இல்ல. ஒண்ணு செக்குல ஆட்டுன எண்ணெய். இன்னொண்ணு ஃபாக்டரில கெமிக்கல் ஊத்தி எடுத்த ரீஃபைண்டு."

"அப்ப ஷேட்டர், வாக்ஸ்?"

"அதுவும் கேஸ்ல எடுக்குறதுதான். அசைக்காம தகட்டுல பரப்பி விட்டா கண்ணாடி மாதிரி ஆகி, தட்டினா உடையும். அதான் ஷேட்டர். அதையே சூட்டோட கிளறிக்கிட்டே இருந்தா வாக்ஸ், பட்டர். இன்னும் வத்தவிட்டா உதுந்து போகும், அது க்ரம்பிள்."

"பாகுதானே இது?" என்றேன். "அசைக்காம ஊத்துனா கண்ணாடி மிட்டாய். கிளறுனா பூத்துப்போயிடும். எல்லாம் ஒரே சக்கரை. பதம்தான் வேற."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அதேதான் மாமா. பதம் வேற, அவ்ளோதான்." கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலையைப் பற்றி எத்தனையோ தடவை எனக்கு விளக்க முயன்றிருக்கிறாள். நான் சும்மா தலையாட்டுவேன். தலையாட்டுகிறேன் என்று அவளுக்கும் தெரியும். அவள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான். அது இந்த விஷயமாக இருந்திருக்க வேண்டாம்.

இவற்றில் பெரும்பாலானவை புகையாகவோ ஆவியாகவோ இழுக்கிற சாமான்கள். அவள் நுரையீரலுக்கு அது ஆகாது. சாப்பிடுகிற வகைதான் மிச்சம். முதலில் டிஸ்டிலேட் சொட்டு மருந்து வாங்கினேன். காய்ச்சி வடித்து, வாசனை நிறம் எல்லாம் போக்கி, போதை தரும் சத்து ஒன்றை மட்டும் வைத்திருப்பது. வலி போனது. ஆனால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நான் இங்கதான இருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதை மூடி வைத்தோம். அடுத்தது ஐசொலேட், உப்பு மாதிரி வெள்ளைத் தூள். போதை தராத இன்னொரு சத்தைத் தனியாகப் பிரித்தது. அது ஒன்றும் செய்யவில்லை. வலி அப்படியே இருந்தது, அவளும் அப்படியே இருந்தாள்.

மூன்றாவது தடவை போனபோது தாடிக்காரர் ஊசி இல்லாத ஒரு சின்ன சிரிஞ்சை எடுத்து வைத்தார். உள்ளே தார் மாதிரி கறுப்பாக ஒரு குழம்பு. செடியின் எல்லாச் சத்தையும் சாராயத்தில் இறக்கி, அதை வற்றவைத்து எடுத்த முழுச் சாறு. எதையும் பிரிக்காதது. "ஹாஃப் எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்" என்றார். நான் புரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து விரல் நுனியில் நகத்தால் கீறிக் காட்டினார். அரை அரிசி.

வீட்டுக்கு வந்து தட்டில் ஒரு சோனா மசூரி அரிசியை வைத்து, பக்கத்தில் அதில் பாதிக்குப் பிதுக்கினேன். பச்சிலையைத் தீய்த்த மாதிரி ஒரு வாசனை. "இதோட பேர கடைல எப்படிக் கேட்டீங்க?" என்றாள். கேட்கவில்லை, கை காட்டினேன் என்றேன். "பேர் சொல்ல வெக்கமா இருந்தா லேகியம்னு வெச்சுக்குங்க. தீபாவளி லேகியம் மாதிரிதான இருக்கு." கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்துக்குள் அதை வைத்துக் கொடுத்தேன்.

அன்று மாலைக்குள் அவள் எழுந்து வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். ரசம் சாதம் கேட்டாள். கூடவே அப்பளம் கேட்டாள். ரசத்தில் மிளகு போதவில்லை என்று குறை சொன்னாள். சாப்பிட்டு முடித்து, தட்டில் விரலை வைத்தபடியே, "மாமா, வலி ஓரமா உக்காந்திருக்கு. நான் இருக்கேன்" என்றாள்.

மறுநாளே மகளைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை வா, இரண்டு நாள் இரு என்றாள். "என்ன பேசணும், போன்லயே சொல்லும்மா" என்று மகள் சொன்னது எனக்கும் கேட்டது. "நேர்லதான்." வேண்டுமானால் நீங்கள் இருவரும் பிளானோவுக்கு வந்து தங்குங்களேன் என்று மகள் முன்பு சொல்லியிருந்தாள். அது முடியாது. கலிஃபோர்னியாவில் கடையில் பில் போட்டுக் கொடுக்கிற அதே சிரிஞ்ச் டெக்சாஸில் கையில் இருந்தால் பெரிய குற்றம். "டோன்ட் ஈவன் திங்க் அபவுட் இட், அப்பா" என்று எனக்குப் பயம் காட்டியதும் அவள்தான். ஆகவே அவள்தான் வர வேண்டும். வருகிறேன் என்றாள்.

"என்ன சொல்லப் போற?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அது அவளுக்கு" என்றாள்.

அத்தை, அதாவது அவள் அம்மா, அப்போது திருச்சியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அவரிடம் கஞ்சா என்று சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை. சிரிஞ்சைப் பார்த்துக் கேட்டபோது, "லேகியம்மா, இங்க கடைல விக்குது" என்று அவள் சொல்லிவிட்டாள்.

"அமெரிக்காக்காரனும் லேகியம் திங்குறானா!" அத்தைக்கு ஒரே சந்தோஷம். வாங்கி மோந்து பார்த்தார். "திப்பிலி கம்மியா போட்டிருக்கான். அது சரி மாப்ள, இதென்ன இம்புட்டூண்டு வெக்கிறீங்க? எறும்புக்கா குடுக்குறீங்க?"

"ஸ்ட்ராங் அத்தை. டாக்டர் சொன்ன அளவு."

"என்ன பெரிய ஸ்ட்ராங்கு. லேகியம்னா சுண்டைக்காய் அளவாச்சும் உருட்டி வாயில போடணும். அப்பத்தான் புடிக்கும். நகைக்கடைக்காரன் மாதிரி அளந்து வெக்கிறாரு உன் புருசன். கஞ்சத்தனம் புடிச்ச வீடுடி இது. எல்லாம் கஞ்சம்!"

கஞ்சம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். அத்தைக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை. "சிரிங்க, சிரிங்க" என்று அவரும் சிரித்தார். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை மதியம் அரை அரிசி கொடுத்துவிட்டு, சான் ஹோசே விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். அவள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, மகள் வாங்கிக் கொடுத்த நீல நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு மண்டை நல்லாத் தெளிவா இருக்கு" என்றாள். டல்லாஸில் இடி மழை, விமானம் தாமதம். நான் காத்திருந்தேன். மகள் வந்து காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "இஸ் ஷி மேட் அட் மீ?" கோபமெல்லாம் இல்லை என்றேன். ஃப்ரீவேயில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஊர்ந்து வந்தோம்.

கதவைத் திறந்ததும் அத்தை உதட்டில் விரல் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "செருப்பு சத்தம் கேக்காம வாங்க. புள்ள தூங்குது. எப்புடித் தூங்குது தெரியுமா! நீங்க போன கொஞ்ச நேரத்துல வலின்னு மொனக ஆரம்பிச்சிருச்சு. பொறுக்க முடியல எனக்கு. லேகியத்தத் தேனுல கொழைச்சு என் கையால ஊட்டிவிட்டேன்."

சமையல் மேடையில் ஸ்பூனும் தேன் பாட்டிலும் இருந்தன. சிரிஞ்சில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

எனக்கு ஆங்கிலத்தில் போன் பேச வராது. அன்று பேசினேன். நோயாளிகளுக்காக எந்நேரமும் போன் எடுக்கிற நர்ஸ் லைனைக் கூப்பிட்டு, எவ்வளவு, எப்போது, வேறு மாத்திரை எது என்று உளறிக்கொண்டே சொன்னேன். மகள் பாதியில் போனை வாங்கிக்கொண்டாள். மூச்சை எண்ணச் சொன்னார்கள். உதடு நீலமாகிறதா, கூப்பிட்டால் அசைகிறாளா என்று பார்க்கச் சொன்னார்கள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சு குறைந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மற்றபடி இது தானாகத்தான் இறங்க வேண்டும், ஒரு நாளைக்கு மேல்கூட ஆகலாம் என்றார்கள்.

மகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க அம்மாச்சிகிட்ட லேகியம்னு சொன்னீங்களா? யூ டோல்ட் ஹெர் இட்ஸ் லேகியம்?" அவள் குரல் ஏறியது. அந்த நேரம் பார்த்து அத்தை ஒரு தட்டில் ஊத்தப்பமும் சட்னியும் எடுத்துக்கொண்டு வந்தார். "சாப்பிடு கண்ணு. பிளேன்ல ஒண்ணும் தந்திருக்க மாட்டான். அம்மா எந்திரிச்சதும் தெம்பா பேசுவா பாரு." மகள் வாயைத் திறந்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டாள். நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் சரியாகப் பேச வராது. அன்று அவள் பேசாமல் விட்டதைப் போல நல்ல தமிழ் நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை மனைவி கண் விழித்தாள். விழித்தாள் என்றுதான் சொல்ல முடியும். சுவர் மூச்சு விடுகிறது என்றாள். கால் யாருடையது என்று கேட்டாள். பயத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிற்பகலில் கொஞ்சம் அமைதியானாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "சிஸ்டர், என் பொண்ணு டெக்சாஸ்லேர்ந்து வருவா. விசிட்டிங் டைம் முடிஞ்சிருந்தாலும் உள்ள விட்டுருங்க சிஸ்டர். தூரத்துலேர்ந்து வர்றா."

மகளின் கை அப்படியே நின்றது. "விடறேன்" என்றாள்.

"தேங்க்ஸ் சிஸ்டர்."

ஞாயிற்றுக்கிழமையும் அவள் தூக்கத்துக்கும் குழப்பத்துக்கும் நடுவிலேயே கிடந்தாள். மகளுக்குப் புது வேலை. லீவு எல்லாம் முன்பே தீர்ந்திருந்தது. நான் இருக்கட்டுமா என்று கேட்டாள். நாளைக்குள் சரியாகிவிடும், அடுத்த வாரம் வந்துவிடு என்று நான்தான் சொன்னேன். நர்ஸும் அப்படித்தான் சொல்லியிருந்தார். யாருமே தவறாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது அவள் அம்மாவின் நெற்றியில் கலைந்திருந்த பொட்டை விரலால் சரிசெய்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை நான் காபி கலந்துகொண்டிருந்தேன். உள்ளிருந்து, "மாமா" என்று குரல். அவள் குரல், சுத்தமாக.

போய் நின்றேன். நாற்காலியைப் பார்த்தாள், அதன் மேல் மகள் விட்டுப்போன ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

"வந்தாளா?"

"வந்தா."

"போயிட்டாளா?"

"நேத்து சாயங்காலம்."

நடந்ததைச் சொன்னேன். அளவைப் பார்த்தாயா, அம்மா ஸ்பூனைக் கொண்டுவந்தபோது தெரியவில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவில்லை.

"தெரிஞ்சுது மாமா. அவ்வளவு கூடாதுன்னு தெரிஞ்சுது. ஆனா அம்மா ஊட்டினா. வாயத் தொறந்துட்டேன்." பிறகு சொன்னாள்: "அம்மாகிட்ட அது என்னன்னு எப்பவும் சொல்லிடாதீங்க. அவளுக்குத் தாங்காது."

அன்று முதல் அவள் லேகியத்தைத் தொடவில்லை. மாத்திரையும் வேண்டாம் என்றாள். "பாப்பா வெள்ளிக்கிழமை வர்றா. அதுவரைக்கும் எனக்கு எதுவும் வேணாம்." அரை அரிசிதானே, முன்பு சரியாக இருந்ததே என்று கெஞ்சினேன். பயந்துவிட்டாள். திரும்பவும் காணாமல் போய்விடுவோமோ என்ற பயம். வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பல்லைக் கடிக்கிற சத்தம் ஹால் வரைக்கும் கேட்கும். அத்தை சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "அந்த லேகியத்தயாவது குடுங்களேன் மாப்ள, அன்னைக்கு எப்புடி வேலை செஞ்சுது" என்று அழுவார். தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். வீடியோவில் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் அத்தை, திரையில் மகளுக்குப் பின்னால் ஆபீஸ் கண்ணாடிச் சுவர். "சாப்பிட்டியா?" "ம்ம்." "நேர்ல வா, சொல்றேன்." "ஓகேம்மா. ஃபிரைடே."

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். அங்கே அவளைக் கேட்கவில்லை, கேட்கிற நிலையிலும் அவள் இல்லை. மார்ஃபின் ஏற்றினார்கள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அவிழ்ந்தது. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். மகள் வியாழக்கிழமையே ஓடி வந்துவிட்டாள். அம்மாவின் காதருகே குனிந்து, "அம்மா, ஐ'ம் ஹியர். சொல்லு" என்றாள். தமிழில் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லு. சொல்லும்மா. கண் பாதி திறந்திருந்தது. அதில் யாரும் இல்லை. ஞாயிறு காலையில் என் மனைவி போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை ஒன்றைச் சொன்னார். "கடைசியா அவளுக்கு நான் பண்ணது அது ஒண்ணுதான். என் கையால லேகியம் ஊட்டினேன். ரெண்டு நாள் வலியே தெரியாமத் தூங்கினா என் புள்ள." வந்தவர்கள், பெத்தவ கைப்பக்குவம் ஆன்ட்டி என்று தேற்றினார்கள். மகள் அம்மாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரில் யாரோ ஒருவர் உடைந்திருப்போம்.

காரியம் முடிந்து மகளை விமான நிலையத்தில் விடப் போனேன். பாதி தூரம் வந்திருப்போம்.

"அப்பா, அம்மா என்ன சொல்ல வந்தா?" தமிழில் கேட்டாள். வாக்கியத்தை முன்பே மனதில் கட்டி வைத்திருந்த மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியாது பாப்பா."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். அது அவளுக்குன்னு சொன்னா. உனக்குன்னு. அதுக்கப்புறம் நான் கேக்கல."

"அந்தத் திங்கட்கிழமை? ஷி வாஸ் கிளியர் ஆன் மண்டே, ரைட்? அப்பவும் கேக்கலையா?"

"இல்லம்மா. நீ வந்துடுவேன்னு நினைச்சேன்."

அவள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாமா மகளை அவள் பாவாடை கட்டிய வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவள் எப்படிப் பேசுவாள், எந்த இடத்தில் நிறுத்துவாள், எதைச் சொன்னால் மகளுக்கு மனம் ஆறும், எல்லாம் தெரியும். அவள் பேச்சு போலவே ஒரு வாக்கியத்தை என்னால் சொல்லியிருக்க முடியும். மகளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. மகளிடம் ஒரு தடவை மறைத்துவிட்டோம், அதனால் வந்ததுதான் இத்தனையும். இனி ஒரு பொய்யை, அதுவும் செத்துப்போனவள் வாயில் வைத்து, கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

புறப்பாடு வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஐ வாஸ் கோயிங் டு சே சாரி" என்றாள். "நானும் ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்."

போக்குவரத்தைப் பார்க்கிற பெண்மணி வந்து கண்ணாடியைத் தட்டி, வண்டியை எடுக்கச் சொன்னார். மகள் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். குனிந்து ஜன்னல் வழியாக, "போய் ரீச் ஆனதும் டெக்ஸ்ட் பண்றேன்" என்றாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் வண்டியை எடுத்தேன்.